ஃபேன்டசி மேப் மென்பொருள் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கற்பனைக் கதை விளையாட்டுகளுக்கு மேப் வரைபவர்கள் பெரும்பாலும் வொண்டர்டிராஃப்ட், டன்ஜன்டிராஃப்ட், இன்கார்னேட், அஸ்காரின் மேப் ஜெனரேட்டர், கேம்பெயின் கார்ட்டோகிராஃபர் ஆகிய மென்பொருள்களில் ஒன்றைத்தான் வைத்திருப்பார்கள். என் விளையாட்டுக் குழுவிலும் அதற்கு வெளியிலும் "மேப் கெட்டுப்போச்சு, கொஞ்சம் பாருங்க" என்று வருகிற கோரிக்கைகள் திரும்பத் திரும்ப ஒரு சில வகைக்குள்ளேயே அடங்குகின்றன. அவற்றை அறிகுறிப்படி இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கிற காரணம் கடைசியில்.

எதைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு வேலை. ஒன்று, மேப் கோப்பை வேறொரு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள். இரண்டு, ஒரு தாளில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம், ஒரு கட்டத்துக்கு எத்தனை பிக்சல். கீழே வருகிற பாதிப் பிரச்சினைகள் இந்த மூன்றாவது எண் தெரியாததால் வருபவை.

## அறிகுறி 1: கட்டங்கள் பொருந்தவில்லை

மேப்பைத் திரையில் வைத்து ஆட உதவும் ஃபவுண்ட்ரியிலோ ரோல்20-யிலோ படத்தை ஏற்றியதும் படத்தில் இருக்கிற கட்டம் ஒரு பக்கம், மென்பொருள் போடுகிற கட்டம் இன்னொரு பக்கம் நிற்கிறது. டோக்கனை (பாத்திரத்தைக் குறிக்கும் சிறு படம்) வைத்தால் பாதி சுவரில் ஏறிக்கொள்கிறது. வருகிற புகார்களில் இதுதான் முதலிடம். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் படத்தின் இடது மேல் மூலையைப் பாருங்கள், பிறகு வலது கீழ் மூலையை. விலகல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### 1அ. இரண்டு மூலையிலும் ஒரே அளவு விலகல்

கட்டத்தின் அளவு சரி. தொடங்கும் இடம்தான் தவறு. படத்தின் ஓரத்தில் யாரோ கொஞ்சம் வெட்டியிருப்பார்கள், அல்லது வரைந்தவர் அலங்காரத்துக்கு ஒரு சட்டம் சேர்த்திருப்பார். ஃபவுண்ட்ரியில் காட்சி அமைப்புக்குள் கட்டத்தைச் சரிசெய்யும் கருவி இருக்கிறது. அதைத் திறந்து, அம்புக்குறி விசைகளால் படத்தைக் கோட்டுக்குக் கோடு பொருந்தும்வரை நகர்த்துங்கள். ரோல்20-யில் படத்தை மேப் லேயரில் வைத்து நகர்த்தினால் போதும். தானாகக் கட்டத்தில் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுங்கள்.

### 1ஆ. இடது மூலையில் சரி, போகப் போக விலகல் கூடுகிறது

கட்டத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண் தவறு. ரோல்20 ஒரு கட்டத்தை 70 பிக்சலாக எடுத்துக்கொள்ளும். ஃபவுண்ட்ரி புதிய காட்சிக்கு 100 என்று வைத்துக்கொள்ளும். டன்ஜன்டிராஃப்ட்டின் உள் அளவு கட்டத்துக்கு 256. நீங்கள் எந்த எண்ணில் எக்ஸ்போர்ட் செய்தீர்களோ அதை ஃபவுண்ட்ரியின் கட்ட அளவில் அப்படியே போட வேண்டும்.

எண் தெரியவில்லையா? படத்தின் அகலத்தைக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 30 கட்டம் அகலமுள்ள படம் 2100 பிக்சல் என்றால் 70. 3000 என்றால் 100. இங்கே விடை முழு எண்ணாக வந்தால் அதைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

விடை முழு எண்ணாக வராவிட்டால்தான் உண்மையான காரணம் தெரியும். அதே 30 கட்டப் படம் 2048 பிக்சல் அகலத்தில் கைக்கு வந்தால் 68.27 என்று வரும். அதாவது வழியில் ஏதோ ஒரு தளமோ செயலியோ படத்தைச் சுருக்கியிருக்கிறது. ஃபவுண்ட்ரியின் கட்ட அளவு முழு எண்ணைத்தான் ஏற்கும். 68 என்று போட்டால் முப்பதாவது கட்டத்துக்குள் சுமார் 8 பிக்சல் விலகியிருக்கும். இதற்கு ஃபவுண்ட்ரிக்குள் மல்லுக்கட்டாதீர்கள். மூலக் கோப்பு உங்களிடம் இருந்தால் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து அகலத்தை 2100 ஆக்குங்கள். உயரத்தையும் கட்டங்களின் எண்ணிக்கையை 70-ஆல் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரோல்20-யில் இன்னும் சுலபம். படத்தின் மேல் வலது சொடுக்கு, அட்வான்ஸ்டு, செட் டைமென்ஷன்ஸ். அங்கே பிக்சலுக்குப் பதிலாகக் கட்டக் கணக்கிலேயே 30, 22 என்று கொடுக்கலாம். எத்தனை கட்டம் என்று தெரியாதபோது மட்டும் பக்கத்திலேயே இருக்கிற அலைன் டு கிரிட்டை எடுங்கள். மூன்றுக்கு மூன்று கட்டத்தை வளைத்துக் காட்டச் சொல்லும். ஆனால் கையால் வளைப்பதில் ஓரிரண்டு பிக்சல் தவறினாலும் பெரிய மேப்பில் அது மறுபடி தெரியும். எண்ணைத் தட்டுவதுதான் நம்பகமான வழி.

### 1இ. கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன

படத்துக்குள்ளேயே கட்டம் வரையப்பட்டிருக்கிறது. அதன் மேல் விளையாட்டு மென்பொருளும் ஒன்று போடுகிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது கட்டத்தை அணைத்துவிடுங்கள். மூலக் கோப்பு இல்லையென்றால் விளையாட்டு மென்பொருளின் கட்டத்தை முழுக்க ஒளிபுக விடுங்கள். கட்டத்தை நீக்கிவிட வேண்டாம். நீக்கினால் டோக்கன் கட்டத்துக்குக் கட்டம் நகர்வதும் கட்டக் கணக்கில் தூரம் அளப்பதும் போய்விடும்.

### 1ஈ. சில இடத்தில் பொருந்துகிறது, சில இடத்தில் இல்லை

காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்த மேப்பிலும் ஃபோனில் படம் எடுத்த மேப்பிலும் இது வரும். கட்டங்களே ஒரே அளவில் இல்லை என்று அர்த்தம். கிம்ப்பின் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நான்கு மூலையை இழுத்துச் சதுரமாக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்தப் படத்தை அடியில் மங்கலாக வைத்து டன்ஜன்டிராஃப்ட்டில் மேலே புதிதாக வரைந்துவிடுவது ஒரு மாலை நேர வேலை. திருத்துவதற்கு ஆகிற நேரத்தைவிட அது குறைவு.

## அறிகுறி 2: பொருள்கள் காணவில்லை

நேற்று வரை இருந்த மரங்களும் மேசைகளும் இன்று இல்லை. அல்லது நண்பர் அனுப்பிய மேப்பைத் திறந்தால் வெறும் தரையும் சுவரும் மட்டும் இருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது: சேவ் செய்யாமல் மூடுங்கள். பொருள்கள் காணாத நிலையில் சேவ் செய்தால் எது எங்கே இருந்தது என்ற விவரமே கோப்பிலிருந்து போய்விடலாம்.

### 2அ. டன்ஜன்டிராஃப்ட்டில்

எளிய காரணம் டிக் போடாதது. அசெட் பேக் (மரம், மேசை போன்ற படங்களின் தொகுப்பு) கணினியில் இருந்தால் மட்டும் போதாது, அந்த மேப்புக்கு அது தேர்வாகியிருக்க வேண்டும். அசெட்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். பட்டியலே காலியாக இருந்தால் பேக்குகள் இருக்கும் ஃபோல்டரின் இடம் மாறியிருக்கிறது. மறுபடி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். வெளி ஹார்டு டிஸ்கில் பேக் வைத்திருப்பவர்கள் முதலில் அது செருகியிருக்கிறதா என்று பார்க்கவும்.

நண்பரின் மேப் என்றால் அவரிடம் இருக்கிற பேக்குகள் உங்களிடமும் இருக்க வேண்டும். மேப் கோப்பு படங்களைச் சுமந்து வராது, அவற்றின் முகவரியை மட்டும்தான் சுமக்கும். காசு கொடுத்து வாங்கிய பேக் என்றால் நீங்களும் வாங்குங்கள், அல்லது எக்ஸ்போர்ட் செய்த படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை வரைந்தவரின் பிழைப்பு அது.

பேக் இருக்கிறது, டிக்கும் இருக்கிறது, ஆனாலும் காணோம் என்றால் அடுத்த சந்தேகம் பேக்கின் அடையாளக் குறியீடு. ஒவ்வொரு பேக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறு குறியீடு உண்டு. மேப் கோப்பு அதை வைத்துத்தான் படத்தைத் தேடும். நீங்களே செய்த பேக்கைப் புதிய குறியீட்டோடு மறுபடி கட்டியிருந்தால் பழைய மேப்புக்கு அது வேற்றாள். நல்லவேளையாக டன்ஜன்டிராஃப்ட்டின் மேப் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. நகலை நோட்பேட்++ போன்ற ஒன்றில் திறந்து, பழைய குறியீட்டைத் தேடி, எல்லா இடத்திலும் புதியதை மாற்றிச் சேவ் செய்தால் மரங்கள் திரும்பி வந்துவிடும். பேக்குக்குள் படங்களின் பெயரையும் மாற்றியிருந்தால் இது பலிக்காது. அப்போது பழைய பேக்கைத் தேடி எடுப்பதைத் தவிர வழியில்லை.

### 2ஆ. வொண்டர்டிராஃப்ட்டில்

நூற்றுக்குத் தொண்ணூறு ஃபோல்டர் பிரச்சினை என்றே சொல்லலாம். ஜிப்பை விரிக்கும்போது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உருவாகிவிடும். அசெட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, பேக்கின் பெயரைத் திறந்தால் நேராக ஸ்ப்ரைட்ஸ் என்ற ஃபோல்டர் கண்ணில் பட வேண்டும். மறுபடி பேக்கின் பெயரே வந்தால் உள்ளே இருப்பதை ஒரு படி மேலே நகர்த்துங்கள். பேக் ஃபோல்டரின் பெயரை அழகுக்காக மாற்றினாலும் பழைய மேப்கள் வழிதவறும்; பழைய பெயரையே திரும்ப வையுங்கள். பிறகு மென்பொருளை மூடித் திறங்கள்.

### 2இ. கேம்பெயின் கார்ட்டோகிராஃபரில் சிவப்புப் பெருக்கல் குறி

படம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு எக்ஸ் வந்தால் அந்தப் படக் கோப்பை மென்பொருளால் கண்டுபிடிக்க முடியவில்லை. புதுக் கணினிக்கு மாறியபின் கூடுதல் தொகுப்பு ஒன்றை நிறுவ மறந்திருப்பீர்கள். அதை நிறுவினால் தீர்ந்தது. குறியும் இல்லை, பொருளும் இல்லை என்றால் அந்த லேயர் மறைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 3: தமிழ்ப் பெயர்கள் உடைந்து வருகின்றன

மேப்பில் ஊர்ப் பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் இங்கே முட்டிக்கொள்வார்கள். "கோட்டை" என்று தட்டினால் க முதலில் வந்து, அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பும் காலும் தனியாக நிற்கும். டகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஐகாரக் குறி பின்னால் போய்விடும். "குகை" என்பதில் உகரம் ககரத்தோடு ஒட்டாமல் பக்கத்தில் நிற்கும். பெட்டி பெட்டியாக வந்தால் அது வேறு நோய்.

### 3அ. பெட்டிகள் மட்டும் வருகின்றன

தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லை. தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இன்கார்னேட், அஸ்கார் இரண்டும் ப்ரவுசருக்குள் ஓடுவதால் எழுத்துரு சரியாக இருந்தால் தமிழ் பெரும்பாலும் ஒழுங்காகவே வரும்.

### 3ஆ. எழுத்து வருகிறது, கொம்பு இடம் மாறுகிறது

எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. வொண்டர்டிராஃப்ட், டன்ஜன்டிராஃப்ட் இரண்டும் கோடோ என்ற விளையாட்டு எஞ்சினின் 3-ஆம் தலைமுறையில் கட்டப்பட்டவை. தட்டிய வரிசையில் எழுத்துகளை அடுக்கத்தான் அதற்குத் தெரியும்; கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியாது. அந்த வசதி கோடோ 4-இல்தான் வந்தது. ஆகவே மீண்டும் நிறுவுவது, டிரைவரை மாற்றுவது போன்றவற்றில் நேரத்தை விட வேண்டாம். மூன்று வழி இருக்கிறது.

எனக்குப் பிடித்தது முதல் வழி: மேப்பை எழுத்தே இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்து, இங்க்ஸ்கேப்பிலோ கிம்ப்பிலோ திறந்து பெயர்களை அங்கே எழுதுவது. இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் சரியாக வரும். ஆற்றின் போக்கில் பெயர் வளைந்து போக வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பெயரை நீட்டிப் பரப்ப நினைத்தால் இடைவெளியைக் கூட்டுவதைவிட எழுத்தின் அளவைக் கூட்டுவது தமிழுக்குப் பொருந்தும்.

இரண்டாவது, ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் எழுத்து எஞ்சினை உலக மொழிகளுக்கான தேர்வுக்கு மாற்றிவிட்டு, புதிதாக ஒரு எழுத்து லேயரைத் தொடங்கிப் பாருங்கள். பழைய லேயர் பழையபடியே உடைந்திருக்கும்.

மூன்றாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவை வொண்டர்டிராஃப்ட்டில் சேர்த்து, யூனிகோடைப் பாமினிக்கு மாற்றும் கருவியில் பெயரை மாற்றி ஒட்டுவது. பாமினியில் கொம்பை முன்னாலேயே தட்டுவதால் எஞ்சினுக்கு எந்த வேலையும் இல்லை; எழுத்து ஒழுங்காக அமர்ந்துவிடும். நாலைந்து பெயர் என்றால் இதுவே வேகமான வழி. நூறு ஊர் உள்ள கண்டத்துக்கு இதைச் செய்யாதீர்கள். பிறகு ஒரு பெயரைத் திருத்தப் போனால் எது எந்த ஊர் என்று படிக்கவே முடியாது.

எந்த வழியில் போனாலும், வேறொருவருக்கு எஸ்விஜி கோப்பாகக் கொடுப்பதற்கு முன் எழுத்தைக் கோடுகளாக மாற்றி ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அவர் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது.

## அறிகுறி 4: எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கிறது, அல்லது படம் கறுப்பாக வருகிறது

### 4அ. கறுப்புதான், ஆனால் உற்றுப் பார்த்தால் உருவங்கள் தெரிகின்றன

டன்ஜன்டிராஃப்ட்டில் சுற்றுப்புற ஒளியை இரவுக்கு வைத்துவிட்டு விளக்குகளோடு எக்ஸ்போர்ட் செய்திருக்கிறீர்கள். ஒளியைக் கூட்டுங்கள், அல்லது ஒளி விளைவை அணைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஃபவுண்ட்ரியில்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதே நல்லது. இருட்டை அங்கே போட்டுக்கொள்ளலாம்.

### 4ஆ. முழுக் கறுப்பு, அல்லது மென்பொருள் மூடிக்கொள்கிறது

படம் பெரிதாகிவிட்டது. 100-க்கு 100 கட்ட மேப்பை 256 பிக்சலில் எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு பக்கம் 25,600 பிக்சல். விரித்த நிலையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் அது 2.6 ஜிபி நினைவகத்தைக் கேட்கும். அதே மேப்பை 100 பிக்சலில் எடுத்தால் 400 எம்பிதான். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு: பழையவை ஒரு பக்கம் 8,192 பிக்சலிலும் புதியவை பல 16,384-லும் நின்றுவிடும். ஆகவே முதலில் 70-க்கோ 100-க்கோ இறக்கி முயலுங்கள். வந்துவிட்டால் பிரச்சினை அளவுதான். அப்புறம் மேலே ஏற்றிக்கொண்டே போய் எங்கே உடைகிறது என்று பார்க்கலாம்.

ஒரு விசித்திரமான வரம்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஆளைக் குழப்பிவிடும். வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் ஒரு பக்கம் அதிகபட்சம் 16,383 பிக்சல்தான் இருக்க முடியும். 64 கட்டத்தை 256-ஆல் பெருக்கினால் 16,384. ஒரே ஒரு பிக்சல் கூடுதல். 63 கட்ட மேப்புக்கு இடம் இருக்கும், 64 கட்ட மேப்புக்கு இருக்காது. பிஎன்ஜிக்கு இந்தத் தடை இல்லை. பிஎன்ஜி வருகிறது, வெப்பி மட்டும் வரவில்லை என்றால் காரணம் இதுதான்.

இவ்வளவு பெரிய படம் உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். திரையில் விளையாட 100 முதல் 140 பிக்சல் தாராளம். மேப்பை இரண்டாக வெட்டி, கீழ்த்தளம் மேல்தளம் என்று தனித்தனிக் காட்சியாக்கினால் ஆட்டக்காரர்களின் பழைய லேப்டாப்களும் தப்பிக்கும்.

### 4இ. 70-இலும் நிற்கிறது

டிஸ்கில் இடம் இருக்கிறதா, எக்ஸ்போர்ட் செய்யும் ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பில் புதிய ஃபோல்டர் ஒன்றுக்கு எக்ஸ்போர்ட் செய்து சோதிக்கலாம். அதுவும் இல்லையென்றால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

## அறிகுறி 5: திறக்கவில்லை, திறந்ததும் மூடுகிறது, ஆமை வேகம்

லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். விண்டோஸ் பல நேரம் மேப் மென்பொருளைச் சிறிய கிராஃபிக்ஸில் ஓட்டிவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், மென்பொருளைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை. பெரும்பாலும் இதிலேயே தீரும்.

அடுத்தது டிரைவர். விண்டோஸ் தானாகப் போடுவதை நம்பாமல் கிராஃபிக்ஸ் கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள்.

இன்கார்னேட் மந்தமாக இருந்தால் ப்ரவுசரின் அமைப்பில் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குரோமில் இது சிஸ்டம் என்ற பகுதியில் இருக்கும். அதை இயக்கிவிட்டு ப்ரவுசரை மூடித் திறக்க வேண்டும். அஸ்கார் திணறினால் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். இயல்பில் 10,000 இருக்கும்; ஆசைப்பட்டு 1,00,000-க்கு ஏற்றினால் நல்ல கணினியும் மூச்சு வாங்கும். ஏற்கெனவே உருவான உலகத்தில் தேவையற்ற லேயர்களை அணைத்துவிட்டு வேலை செய்தால் ஓரளவு தாங்கும்.

வொண்டர்டிராஃப்ட்டும் டன்ஜன்டிராஃப்ட்டும் திறக்கவே மிக நேரம் எடுத்தால் பேக்குகள் அதிகம். எல்லாவற்றையும் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத் திறங்கள். வேகமாகத் திறந்தால் பாதிப் பாதியாகத் திரும்பப் போட்டுக்கொண்டே வாருங்கள். கெட்ட பேக் ஒன்று இருந்தால் நாலைந்து சுற்றில் மாட்டிவிடும்.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: மேப் மென்பொருளில் மட்டுமல்லாமல் வேறு விளையாட்டுகளிலும் திரை கோடுகோடாக வந்தாலோ, வேலை தொடங்கிய சில நிமிடத்தில் லேப்டாப் சூடாகித் தானே அணைந்தாலோ அது மென்பொருள் கோளாறு அல்ல. விசிறியைத் துடைத்து வெப்பப் பசை மாற்ற சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். புதிய கணினி வாங்குவதற்கு முன் ரேமைக் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். 8 ஜிபியில் திணறிய பெரிய மேப்கள் 16-இல் சாதாரணமாக ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 6: சேவ் செய்த மேப் இல்லை, அல்லது திறக்க மறுக்கிறது

அஸ்காரில் ப்ரவுசர் நினைவிடத்தில் மட்டும் சேவ் செய்திருந்து, பிறகு ப்ரவுசரின் தரவை அழித்திருந்தால் மேப் போய்விட்டது. திரும்பாது. இனி ஒவ்வொரு முறையும் கணினிக்கே கோப்பாக இறக்குங்கள். பழைய கோப்பு புதிய பதிப்பில் திறக்காவிட்டால் பக்கத்தை கன்ட்ரோல்-எஃப்5 கொண்டு முழுதாகப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

மற்ற மென்பொருள்களில், சேவ் ஆனது போலத் தோன்றியும் கோப்பு இல்லையென்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். டாகுமென்ட்ஸ் ஃபோல்டரில் அறியாத மென்பொருள்கள் எழுதுவதை அது தடுத்துவிடும். மென்பொருளை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும். பாதுகாப்பை முழுக்க அணைக்க வேண்டாம்.

கோப்பு இருக்கிறது, அளவு 0 என்றால் சேவ் ஆகும்போது மின்சாரம் போயிருக்கலாம். ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருந்தால் அதன் பழைய பதிப்புகளைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் அந்த டிஸ்கில் வேறு எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு, மேப் அவ்வளவு முக்கியம் என்றால் தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். அவர்களின் கட்டணத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரம் மறுபடி வரைவதே மலிவு.

## அறிகுறி 7: சுவரைத் தாண்டி எல்லாம் தெரிகிறது

ஃபவுண்ட்ரியில் இதைப் பார்த்து யாரும் முதலில் சுவர்களைத் திருத்த இறங்க வேண்டாம். கேம் மாஸ்டராக (ஆட்டத்தை நடத்துபவராக) உள்ளே இருந்தால், டோக்கன் எதையும் தேர்ந்தெடுக்காதவரை உங்களுக்கு எல்லாம் தெரியத்தான் செய்யும். ஆட்டக்காரர் கணக்கில் நுழைந்து சோதியுங்கள். அங்கேயும் தெரிந்தால் குளோபல் இல்லுமினேஷன் (காட்சி முழுவதற்குமான வெளிச்சம்) இயங்குகிறதா, காட்சியில் டோக்கன் பார்வை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் கசிந்தால் சுவர் லேயரைத் திறந்து அந்த மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு கோட்டின் முனைகள் தொட்டுக்கொள்ளாமல் இருக்கும். முனையை இழுத்து மற்றதன் மேல் வைத்தால் சரி. டன்ஜன்டிராஃப்ட்டிலிருந்து யுனிவர்சல் விடிடி கோப்பாக (படத்தோடு சுவர் விவரமும் சேர்ந்தது) கொண்டுவந்திருந்தால், சுவர்க் கருவிக்குப் பதிலாகப் பாதைக் கருவியால் வரைந்த சுவர் பார்ப்பதற்கு மட்டும் சுவராக இருந்து, பார்வையைத் தடுக்காமல் போகலாம். சுவர்கள் எல்லாமே மொத்தமாகத் தள்ளி நின்றால், எக்ஸ்போர்ட்டுக்குப் பிறகு படத்தின் அளவை மாற்றியிருக்கிறீர்கள். அறிகுறி 1-க்குப் போங்கள்.

## அறிகுறி 8: படம் மங்கல்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால் அதுதான் காரணம். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் 25 கட்ட மேப்பை 40 பிக்சலில் எடுத்திருப்பீர்கள். மொத்தம் 1000 பிக்சல்தான் வரும், முழுத் திரையில் கரைந்துவிடும். எக்ஸ்போர்ட் எண்ணைக் கூட்டுங்கள். பின்னணி தெளிவாக இருந்து ஒரு டிராகன் சிலை மட்டும் மங்கல் என்றால் சிறிய படத்தை அளவுக்கு மீறி நீட்டியிருக்கிறீர்கள். பெரிய அளவில் வரைந்த வேறொன்றைப் போடுங்கள். இன்கார்னேட்டின் இலவசக் கணக்கு என்றால் எக்ஸ்போர்ட் அளவுக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டக் கட்டணக் கணக்குதான் வழி.

## அறிகுறி 9: அச்சடித்தால் அளவு தவறுகிறது

மேசையில் சிலைகளை வைத்து ஆடுவதற்கு ஒரு கட்டம் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். விளையாட்டுக் கணக்கில் அது 5 அடி. அச்சில் 10 கட்டத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 25.4 செ.மீ. வர வேண்டும்.

குறைவாக வந்தால் பிரின்ட் திரையில் ஃபிட் டு பேஜ் இயங்கியிருக்கும். ஆக்சுவல் சைஸ் அல்லது 100% என்று மாற்றுங்கள். அப்படியும் தவறினால் படத்துக்குள் அச்சு அளவு பதிவாகவில்லை. கிம்ப்பில் பிரின்ட் சைஸ் என்ற இடத்தில், கட்டத்துக்கு எத்தனை பிக்சலோ அதே எண்ணை அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதில் போட்டுச் சேமியுங்கள். ஏ4 தாளின் அளவு 8.27-க்கு 11.69 அங்குலம். ஓரம் போக 7-க்கு 10 கட்டம் வசதியாக அமரும். பெரிய மேப்பை அடோபி ரீடரில் போஸ்டர் முறையில் பல தாள்களாக அடித்து ஒட்டலாம்.

இருட்டுக் குகை மேப்கள் தாளில் கறுப்புக் குழம்பாக வரும். திரை ஒளியை வீசுகிறது, தாள் வீசாது. முழுதாக அடிப்பதற்கு முன் நடுவில் ஒரு பகுதியை மட்டும் ஒரு ஏ4-இல் அடித்துப் பார்த்து, தேவையான அளவு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் கட்டம்: மேப் நாலு தாளைத் தாண்டினால் ஃப்ளெக்ஸ் கடையே மேல். ஒட்டு வேலை இல்லை, தண்ணீர் சிந்தினாலும் துடைத்துவிடலாம். அங்கே கணக்கு சதுர அடியில். 30-க்கு 22 கட்ட மேப் என்றால் 30-க்கு 22 அங்குலம்; கடையில் அதை இரண்டரைக்கு இரண்டு அடி என்று எடுத்துக்கொண்டு, இடம் வீணாகாமல் இருக்கட்டும் என்று படத்தை இழுத்துப் பொருத்திவிட வாய்ப்பு உண்டு. கட்டங்கள் சதுரமாக இல்லாமல் போய்விடும். அதனால் நீங்களே படத்தின் மேலும் கீழும் ஓர் அங்குலம் வெள்ளை விட்டு, முழு 30-க்கு 24 அங்குலக் கோப்பாகக் கொடுங்கள். இழுக்க வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள். பளபளப்பான ஃப்ளெக்ஸ் மேசை விளக்கில் கண்ணைக் கூசும், மேட் கிடைக்குமா என்று கேளுங்கள். படத்தின் ஓரத்தில் 10 கட்ட நீளத்துக்கு ஒரு அளவுக்கோடும் வரைந்து வைத்தால், கடையிலேயே டேப் பிடித்து 10 அங்குலம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.